விற்பனைக்கு என்று ஒரு பலகை

அந்த நாற்காலி வேண்டாம், இன்ஸ்பெக்டர்; அதன் பின்கால் ஆடும். ஜன்னலோரம் இருக்கிறதே, அதில் உட்காருங்கள். காற்று அங்கேதான் வரும். மின்விசிறி போடவே வேண்டியதில்லை, நீங்களே பாருங்கள். ஏட்டையா மேசைப் பக்கம் வரட்டும், எழுதுகிறவருக்கு வெளிச்சம் வேண்டும். தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருக்கிறேன். போன தடவை நீங்கள் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டதை நான் மறக்கவில்லை.

உங்களை வீணாக அலையவிடுகிறேன் என்று ஸ்டேஷனில் பேசிக்கொள்வார்கள். முட்டி வலி, உங்கள் ஸ்டேஷன் படியை ஏற முடியாது என்று நான் சொன்னதால்தானே இரக்கப்பட்டு வீட்டுக்கே வருகிறீர்கள். உண்மையைப் பேசுவதென்று உட்கார்ந்தபின் இதையும் சொல்லிவிடுகிறேன். முட்டி அவ்வளவு மோசமில்லை. காலையில்கூட மாடிக்கு ஏறி ஜன்னல்களைத் துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். என் வக்கீலுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. நேற்று இதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“சார், வாயைத் தொறக்காதீங்க. தொறந்தே ஆகணும்னா ஒரே ஒரு வரி போதும். விக்கணும்னுதான் அட்வான்ஸ் வாங்கினேன், அப்புறம் மனசு மாறிடுச்சு. அப்படிச் சொன்னா இது சிவில். அது பாட்டுக்கு வருஷக்கணக்கா இழுக்கும். முதல்லேருந்தே விக்கிற எண்ணம் இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா அது மோசடி, கிரிமினல். கூட்டிட்டுப் போய் உள்ள வச்சிருவாங்க.”

நல்ல மனிதர், பாவம். என் மேல் இருக்கிற அக்கறையில் சொல்கிறார். ஆனால் மனசு மாறிவிட்டது என்று சொல்வது எனக்கு அவமானம். எந்தக் காலத்திலும் என் மனசு மாறியதில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று பேசுகிற ஆள் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா. இந்த வீட்டை விற்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வாசலில் பலகை மாட்டிய அன்றும் நினைக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் வாங்கிய அன்றும் நினைக்கவில்லை. வாங்க வந்தவர்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். போதுமா? ‘எனக்குத் தெரியும்’ என்பதை அடிக்கோடு போட்டாலும் சரிதான்.

ஏன் செய்தேன் என்பதுதானே உங்கள் அடுத்த கேள்வி. அதற்கு என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் ஜன்னலில் உட்கார்ந்தவன். புது இணைப்பு வேண்டுமா, குழாய் அடைத்துக்கொண்டதா, பெயர் மாற்ற வேண்டுமா, எதுவானாலும் என் ஜன்னலுக்கு வர வேண்டும். ஜன்னல் கொஞ்சம் தாழ்வு. பெரிய பணக்காரனானாலும் குனிந்துதான் பேச வேண்டும். உயர்த்தித் தரட்டுமா என்று ஒருமுறை தச்சர் கேட்டார். அலுவலகத்துக்கு வீண் செலவு வேண்டாம் என்றுவிட்டேன்.

அங்கே நான் கற்றுக்கொண்ட தொழில் ஒன்றுண்டு. முடியாது என்று சொன்னால் ஆள் சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவான், அப்புறம் வரமாட்டான். முடிந்தது என்று சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவான், அப்புறம் வரவே மாட்டான். பார்க்கலாம், நாளைக்கு வாங்க என்று சொன்னால்தான் வருவான். வரும்போது சிரித்த முகமாக வருவான். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு என்று விசாரிப்பான். என் பின்னால் எனக்கு ‘நாளைக்கு சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரியமிருந்தால்தானே பட்டப்பெயர் வைப்பார்கள்.

லஞ்சம் ஒரு பைசா வாங்கியதில்லை. அதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். வாங்கினால் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அதோ மாட்டியிருக்கிறது. மறுநாள் காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரி, இந்த அறையில் வந்து உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. வீட்டில் ஆள் என்று இருந்தவள் என் மனைவி ஒருத்திதான். அவளிடம் பேசினேன். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை பேசினேன். அவள் கொஞ்ச நாளில் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். “ஒரு வாரம்தான், வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். குளிர்காலத் துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே குளிர் ஜாஸ்தி. தொலைபேசியில் கூப்பிட்டால் மகள்தான் எடுப்பாள். “அம்மா தூங்குறாங்கப்பா” என்பாள். அந்த நாட்டு நேரம் வேறு, நம் நேரம் வேறு. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அவள் தூங்குகிற நேரமாகவே அமைந்துவிடுகிறது.

பால் பாக்கெட் கேட்டில் தொங்கும் பையில் விழும். செய்தித்தாள் பறந்து வந்து விழும். பணம் கட்டுவது, வாங்குவது எல்லாம் கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. என்னோடு பேச வேண்டிய அவசியம் உலகத்தில் ஒருவருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, இன்ஸ்பெக்டர். குளிர்சாதனப் பெட்டி சத்தம் நின்றால் திடுக்கிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன்.

அப்போதுதான் கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று எழுதி மாட்டலாம் என்று பலகை எழுதுகிறவரிடம் போனேன். நாய் கிடையாது. நாயைப் பற்றிக் கேட்கவாவது யாராவது நிற்பார்கள் என்று ஒரு நப்பாசை. அவர் கடை மூலையில் வேறு ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. ‘இந்த வீடு விற்பனைக்கு.’ யாரோ எழுதச் சொல்லிவிட்டு வாங்க வரவில்லையாம். சல்லிசாகத் தள்ளிவிட்டார்.

காலையில் மாட்டினேன். மத்தியானத்துக்குள் மூன்று முறை அழைப்பு மணி அடித்தது. அந்த மணி வேலை செய்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எத்தனை விதமான மனிதர்கள். பேக்கரி முதலாளி ஒருவர் வந்தார், கை நிறைய கேக்கோடு. கால்நடை டாக்டர் ஒருவர் வந்து என் ரத்த அழுத்தம் பார்த்தார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் என் பேச்சைக் கேட்டார்கள். வீட்டின் அஸ்திவாரத்தைப் பற்றி ஆரம்பித்து என் பள்ளிக்கூட நாட்கள் வரை கேட்டார்கள். கேட்காமல் எங்கே போவார்கள், வீடு வேண்டுமே. ஆனால் இரண்டு மூன்று தடவை ‘பார்க்கலாம்’ என்று சொன்னதும் வருவதை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது புரியவில்லை. அலுவலகத்தில் வருஷக்கணக்கில் வந்தார்களே.

அதைப் புரியவைத்தவர் தரகர், எப்போதும் குடையோடு வருகிற ஆள். வெயிலும் இல்லை மழையும் இல்லை என்றாலும் குடை இருக்கும். “சார், நீங்க அட்வான்ஸ் வாங்காமப் பேசுறீங்க. அதான் ஆள் நிக்க மாட்டேங்குறான். அட்வான்ஸ் குடுத்தவன் எங்க போயிடுவான்? உங்க வாசல்லதானே வந்து நிக்கணும்” என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள். அன்று எனக்கு ஜன்னல் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

அதன்பின் வந்தவர்கள்தான் உங்கள் புகார்தாரரும் அவர் புருஷனும்.

புருஷன் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்த அன்றே புருஷன், தம்பி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “சார், இந்தப் பவர் உங்களுக்கு எப்பவோ மாறிப்போச்சு” என்று சொல்லி, அடுத்த முறை புதுசு போட்டுக் கொண்டுவந்தார். இதோ, இப்போது போட்டிருப்பதும் அதுதான். காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். மிகத் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் சட்டைப் பித்தானில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது.

டீச்சரம்மா மாடிக்குப் போய் நடு அறையில் நின்றாள். அப்போதுதான் அவள் உண்டாகியிருப்பது தெரிந்திருந்தது. “இங்க தொட்டில் கட்டலாம்ல?” என்று புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் இந்த வீட்டு உத்தரம் எவ்வளவு வலுவானது என்று விளக்கினேன். பத்திரப்பதிவுக்கு முன்னாலேயே தச்சரைக் கூட்டிவந்து ஒரு கொக்கி அடித்துக்கொண்டார்கள். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுடைய அப்பா கொடுத்த மனையை விற்று அட்வான்ஸ் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை நான் தொடவில்லை. அப்படியே வங்கியில் கிடக்கிறது. என்னைத் திருடன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஏட்டையா. ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நீங்கள் போன தடவை கேட்டீர்கள். திருப்பிக் கொடுத்தால் அப்புறம் எதற்கு வருவார்கள்?

முதலில் தாய்ப்பத்திரம் கிடைக்கவில்லை என்றேன். அதாவது என் கைக்கு வருவதற்கு முன் இந்த வீடு யாரிடம் இருந்தது என்பதைச் சொல்லும் பழைய பத்திரம். அது என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. இரண்டு பேரும் விடுமுறை நாளில் வந்து பரணில் ஏறித் தேடினார்கள். தும்மிக்கொண்டே தேடினார்கள். நான் கீழே நின்று, “அந்தப் பெட்டியில பாருங்க, இந்தப் பெட்டியில பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போகும்போது பரணைச் சுத்தம் செய்துவிட்டும் போனார்கள். அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு நினைவில் இல்லை.

அந்தச் சாக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்? பத்திரம் கிடைத்துவிட்டது என்று சொல்ல வேண்டி வந்தது. அதோடு கூடவே, என் தங்கைக்கும் வீட்டில் பங்கு உண்டு, அவள் கையெழுத்து வேண்டும் என்றேன்.

எனக்குத் தங்கை கிடையாது.

சொன்ன நிமிஷத்தில் அவள் வெறும் பெயரில்லாத ஒரு தங்கைதான். ஆனால் அவர்கள் கேட்கக் கேட்க வளர்ந்துவிட்டாள். மூச்சிரைப்பு வந்தது. முன்கோபம் வந்தது. தொலைபேசி மணி கேட்டாலே தலைவலி என்றேன், அதனால் நேரில்தான் பேச வேண்டும், அதுவும் நான்தான் பேச வேண்டும். டீச்சரம்மா அவளுக்காகக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கிக் கொடுத்தாள். “அத்தைக்குக் குளிர் ஒத்துக்காதுல்லப்பா” என்றாள். ஆமாம், அதற்குள் ‘சார்’ போய், ‘மாமா’ வந்து, அதுவும் போய் என்னை ‘அப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். சால்வையைத் தங்கை வாங்க மாட்டேன் என்று வீசி எறிந்ததாக அடுத்த வாரம் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, இன்ஸ்பெக்டர். சொந்தத் தங்கை இப்படி இருக்கிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சால்வை என் அலமாரியில் இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை நடந்தது விளையாட்டு என்று நீங்கள்கூடச் சிரிக்கிறீர்கள். ஏட்டையா சிரித்துவிட்டார், நான் பார்த்தேன். இனிமேல் சொல்லப்போவதற்குச் சிரிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வெளியே போய்க் கேட்டருகில் நின்று கலந்து பேசுவார்கள். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. “இவர் விக்க மாட்டாருன்னு தோணுதுடி. பேசாம அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டு வேற வீடு பார்ப்போம்” என்று தம்பி சொன்னார். “இன்னும் ஒரு மாசம் பார்ப்போங்க. பாவம், அவருக்கும் யாருமில்ல” என்றாள் அவள். ஒரு மாசம். அதற்குமேல் அவர்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். சேர்ந்து இருந்தால்தானே சேர்ந்து முடிவெடுப்பார்கள்.

தம்பியைத் தனியாக வரச் சொன்னேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். “சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. உங்க வீட்டம்மா நேத்து தனியா வந்திருந்தாங்க. அட்வான்ஸைத் தன் கையில குடுத்துடுங்க, அவருக்குத் தெரிய வேண்டாம்னாங்க. அது எங்கப்பா பணம், அவரை நம்பி விட முடியாதுன்னாங்க” என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்.”

“நீங்க எதையும் கேட்டுக்காதீங்க தம்பி. கேட்டா பெருசாயிடும். மாசமா இருக்கிற பொண்ணு.”

அவளிடம் வேறொரு நாள் சொன்னேன். வீட்டைத் தன் ஒருவர் பெயரில் மட்டும் எழுதித் தரும்படி உன் வீட்டுக்காரர் கேட்கிறார் என்றேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“எங்கப்பா குடுத்த மனையை வித்த பணம்ப்பா அது. அவரா அப்படிக் கேட்டாரு?”

“நான் சொன்னதாச் சொல்லிடாதம்மா. குடும்பத்துக்குள்ள என்னால ஒரு பிரச்சினை வந்துச்சுன்னு இருக்க வேண்டாம். பார்க்கலாம்.”

இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். நான் கேட்காதே என்று சொன்னதைத் தட்டவில்லை. கேட்கவில்லை, மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். உப்பு இல்லை, சட்டை துவைக்கவில்லை என்று வேறு எதற்கெல்லாமோ சண்டை போட்டுக்கொண்டார்கள். அதையெல்லாம் என்னிடம்தான் வந்து சொன்னார்கள், தனித்தனியாக. அவர் செவ்வாய்க்கிழமை வந்தால் அவள் புதன்கிழமை வருவாள். ஒரே தேநீரை இரண்டு நாள் போட்டேன். செலவு கொஞ்சம் ஏறியது, நான் பெரிதுபடுத்தவில்லை.

கடைசியில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் கடையின் பின்னறையில் படுக்கிறார். கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே பாய் போட்டிருக்கிறார், நானே போய்ப் பார்த்தேன். பெரிய எழுத்து மேலே, சின்ன எழுத்து அவர் தலைமாட்டில். நான் அவர்களைப் பிரித்ததாக டீச்சரம்மா தன் புகாரில் எழுதியிருக்கிறாள். அது தப்பு. வெவ்வேறு நாளில் வரும்படி பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாட்டிக்கொண்டது என் கவனக்குறைவால். ஒரு நாள் அவள் வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். மேசைமேல் தொலைபேசி அடித்தது. வீட்டுப் பெண் மாதிரி எடுத்துவிட்டாள். என் மகள். இரண்டு பேரும் நன்றாகவே பேசிக்கொண்டார்கள். இவள் சும்மா இருக்காமல், “அத்தைக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்காம், அப்பா ரொம்பக் கவலைப்படுறாரு” என்று கேட்டிருக்கிறாள்.

“அத்தையா? எந்த அத்தை? எங்கப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளைங்க” என்று என் மகள் சொன்னது எனக்குச் சமையலறை வரை கேட்டது. அவளுக்கு எப்போதும் சத்தமான குரல்.

நான் தட்டோடு வந்தபோது டீச்சரம்மா தொலைபேசியைக் கீழே வைத்திருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கணக்கு டீச்சர் இல்லையா, ஒன்று தப்பென்றால் எது எதெல்லாம் தப்பு என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“அவர் தன் பேர்ல மட்டும் எழுதக் கேட்டார்னு சொன்னீங்களே. அதுவும் பொய்யாப்பா?”

“பார்க்கலாம்மா” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவள் மாடிக்குப் போனாள். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கொக்கியைக் கழற்றப் பார்த்திருக்கிறாள். கை எட்டவில்லை. “நாற்காலி மேல ஏறாதம்மா, விழுந்துடப் போற” என்று கீழேயிருந்து கத்தினேன். எனக்கு அவள்மேல் அக்கறை இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். தேநீரை நானே குடித்தேன்.

அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். அவள் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, நான் முதலிலிருந்தே விற்கிற எண்ணமில்லாமல் ஏமாற்றினேன் என்று எழுதிக் கொடுத்தாள். அதே வாரத்தில் அவர் நீதிமன்றத்துக்குப் போய், நான் விற்க ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்வாங்கினேன், என்னை விற்க வைக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். ஒருவர் செய்தது ஒருவருக்குத் தெரியாது, பேச்சுவார்த்தைதான் இல்லையே. ஒரே வீட்டுக்கு ஒரு கிரிமினல், ஒரு சிவில். என் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். “சார், புருஷன் சொல்றது நிஜம்னா பொண்டாட்டி சொல்றது பொய். அவ சொல்றது நிஜம்னா இவர் சொல்றது பொய். இவர் காகிதத்தைக் காட்டி அதை உடைக்கலாம், அவ காகிதத்தைக் காட்டி இதை உடைக்கலாம். ரெண்டு பேரும் சேராத வரைக்கும் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

ரெண்டு பேரும் சேராத வரைக்கும். நான் அதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. தானாக அமைந்தது.

போன தடவை போகும்போது நீங்கள் வாசலில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. அவள் பிரசவம் இந்த மாதம். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நிற்க அவளுக்கு அவர் வேண்டும். அவள் ஆள் அனுப்பி நடந்ததைச் சொல்லியும் அவர் நம்பவில்லை. பணத்துக்காகப் புதுசாகக் கதை கட்டுகிறாள் என்கிறாராம். “அந்தப் பெரியவர் தன் வாயால சொல்லி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும், நம்புறேன்” என்று உங்களிடம் சொன்னாராம். இந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால், பணமும் திரும்பக் கிடைக்கும், இன்றைக்கே நீங்கள் கண்ணாடிக்கடைக்குப் போய்க் காட்டுவீர்கள், அவர் கடையைப் பூட்டிக்கொண்டு அவளிடம் ஓடுவார். “உங்க கையிலதான் சார் இருக்கு” என்றீர்கள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் குனிந்தீர்கள். நீங்கள் உயரம், அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் செய்தது தப்புத்தான். மூடி மறைக்கவில்லை. விற்கிற எண்ணம் இல்லாமல் அட்வான்ஸ் வாங்கினேன். இல்லாத தங்கையைச் சொன்னேன். இருந்த குடும்பத்தைக் கலைத்தேன். இப்போது எனக்குப் புத்தி வந்துவிட்டது. யாராவது வர வேண்டும், யாராவது பேச வேண்டும் என்கிற ஆசையெல்லாம் அடங்கிவிட்டது. என் மனைவி வரட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை. அவள் வரும்போது வருவாள், ஒரு வாரம் என்றுதானே சொல்லியிருக்கிறாள். தனியாக இருக்க நான் பழகிக்கொண்டேன்.

வாசியுங்கள், ஏட்டையா. ஆமாம். ஆமாம். ‘எனக்குத் தெரியும்’, சரி, அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறார். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. என் அலுவலகத்தில்கூட இவ்வளவு அழகாக எழுதுகிறவர் இருந்ததில்லை.

கையெழுத்துத்தானே. அதற்கென்ன, போட்டுவிடலாம். ஆனால் இன்றைக்கு விரல் கொஞ்சம் நடுங்குகிறது, இவ்வளவு பேசிவிட்டேன் அல்லவா. கோணல்மாணலாகப் போட்டால் நாளைக்கு யாராவது இது என் கையெழுத்தே இல்லை என்பார்கள். உங்களுக்குத்தான் சிரமம். இதற்காக முகத்தைச் சுருக்காதீர்கள், நான் முடியாது என்று சொல்லவில்லையே.

நாளைக்கு வாங்க. தனியாக வர வேண்டாம், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போன தடவை நீங்கள் தொலைபேசியில் பேசியது தற்செயலாகக் காதில் விழுந்தது; நீங்கள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்கிறாராமே, அதுவும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு. அன்றைக்கு நீங்கள் இந்த ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்ததையும் நான் கவனித்தேன். நல்ல கம்பி. மாடியை இன்னும் நீங்கள் பார்க்கவில்லையே. நடு அறையில் தொட்டிலுக்குக் கொக்கிகூட அடித்துத் தயாராக இருக்கிறது, இதுவரை ஒரு குழந்தையும் அதில் தூங்கியதில்லை.